உறைபனி ஊட்டி... கம்பளித் தொப்பிக்குள் அரிக்கும் தலை! எந்த எண்ணெய் உதவும், எது உபத்திரவம்?

ஜனவரியில் ஊட்டிக்குப் போய், காலை ஆறு மணிக்குப் போர்வையை உதறிவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு ஒரு காட்சி காத்திருக்கும். தலைக்குந்தா புல்வெளி முழுக்க யாரோ உப்பைத் தூவிவிட்டுப் போனதுபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். நிறுத்தி வைத்த கார்களின் கண்ணாடியை நகத்தால் சுரண்டினால் பனி பொடிப்பொடியாக உதிரும். காந்தல் பக்கம் காய்கறித் தோட்டங்களில் கேரட் இலைகள் விறைத்து நிற்கும். ஆளாளுக்கு செல்போனை நீட்டிப் படம் எடுப்பார்கள். வெயில் ஏறிய ஒரு மணி நேரத்தில் அத்தனையும் மாயமாகிவிடும்.

அதே கூட்டத்தில் யாரும் படம் எடுக்காத இன்னொரு காட்சியும் உண்டு. கம்பளித் தொப்பிக்குள் விரலை விட்டு வறட் வறட்டென்று சொரிந்துகொள்ளும் பிள்ளைகள். ஸ்வெட்டர் தோளில் விழுந்த வெள்ளைத் துகள்களைத் தட்டிவிடும் அம்மாக்கள். "நேத்துதானே ஷாம்பூ போட்டுக் குளிச்ச, அதுக்குள்ள பொடுகா?" என்ற கேள்வி.

பொடுகாக இல்லாமலும் இருக்கலாம். இந்தக் குழப்பம்தான் பலருக்கும் அரிப்பை நீட்டித்துவிடுகிறது. வறண்ட தலைக்குச் செய்வதைப் பொடுகுக்கும், பொடுகுக்குச் செய்வதை வறண்ட தலைக்கும் செய்தால் இரண்டுமே மோசமாகும். உறைபனிக் காலத்து ஊட்டி இதைத் தெளிவாகக் காட்டிக் கொடுக்கிற ஊர்.

எண்ணெய் பாட்டில் சொல்லும் சேதி

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர்தான். கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறத் தொடங்கும். குன்னூர் வரும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் குரல்கள் கேட்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம்.

பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தால், குளிர் ஏறுவதை அதுவே சொல்லிவிடும். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். சமவெளியில் தண்ணீராக இருந்தது, ஊட்டியில் அறைக்குள் வைத்த பிறகு மெழுகுக் கட்டி. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. "சரி, ரெண்டு நாள்தானே" என்று எண்ணெயே வைக்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கிண்ணம் சுடுதண்ணீரில் பாட்டிலை ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் வேலை முடிந்தது.

எண்ணெய் உறைவது கண்ணுக்குத் தெரிகிறது. காற்று வறள்வது தெரிவதில்லை. காற்று எவ்வளவு ஈரப்பதத்தைச் சுமக்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 0 டிகிரியில் வெறும் 5 கிராம். உறைபனி இரவில் வெளியே இருக்கிற அந்த 5 கிராம் காற்று, ஹீட்டர் போட்ட அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 கிராம் குடிக்கக்கூடிய காற்றில் 5 கிராம்தான் இருக்கிறது. மீதியை அது எங்கிருந்து உறிஞ்சும்? உதட்டிலிருந்து, குதிகாலிலிருந்து, தலைத் தோலிலிருந்து.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகும்போதுதான் இது உச்சத்துக்குப் போகும். மேகப் போர்வை இல்லாத இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிந்து பள்ளங்களில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் பனி அதிகமாக உறைவதற்குக் காரணம் அதுதான். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் இந்த நாடகம் விட்டு விட்டு நடக்கும்.

பகலில் நேர் எதிர். வெயில் சுள்ளென்று அடிக்கும். குளிரில் அது உறைப்பதில்லை என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவிகிதம் கூடும். ஏரியில் இரண்டு மணி நேரம் படகு விட்டுத் திரும்பினால் வகிடெடுத்த கோடு மட்டும் சிவந்து, இரண்டு நாளில் தோலாக உரியும். இதையும் பொடுகு என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. பகலில் தொப்பியோ துப்பட்டாவோ போட்டால் போதும். கம்பளித் தொப்பி குத்துகிறது என்று குழந்தை கழற்றிப் போட்டால், உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். கம்பளி நூல் நேரடியாக உரசுவதே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும்.

குளியலறையில் நடக்கும் தவறு

குளிரில் வெடவெடத்துப் போய் லாட்ஜுக்குத் திரும்பியதும் கீசரை முழுச் சூட்டில் திருப்புவது இயல்பு. ஆவி பறக்கத் தலையில் ஊற்றும்போது சுகமாகத்தான் இருக்கும். தோலின் மேல் இயற்கையாகவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தை அந்தச் சூடு கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. போதாக்குறைக்கு, எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு முழு ஷாம்பூ பாக்கெட். மூன்றாம் நாள் தலை அரிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

மலையில் இருக்கும் நாட்களில் தினமும் தலைக்குக் குளிக்க வேண்டியதே இல்லை. வியர்வையும் புழுதியும் சமவெளி அளவுக்கு இல்லாத இடத்தில் வாரத்துக்கு இரண்டு முறை தாராளம். தலைக்கு வெதுவெதுப்பு போதும். நீரில் முழங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது, அவ்வளவே.

ஈரத் தலையைத் துவட்டிய கையோடு சாம்பிராணி போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. மணத்துக்கு ஈடில்லை. ஆனால் கதவு ஜன்னல் அடைத்த குளிர்கால அறையில் அந்தப் புகை குழந்தையின் நெஞ்சுக்கு நல்லதில்லை. அதைவிட முக்கியமாக, குளிர் காயவோ தலை உலர்த்தவோ கரி அடுப்பை அறைக்குள் கொண்டு வந்து கதவைச் சாத்திவிட்டுத் தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையூர்களில் சுற்றுலா வந்தவர்கள் இப்படித் தூக்கத்திலேயே உயிரிழந்த செய்திகள் குளிர்காலங்களில் வந்திருக்கின்றன. தலை அரிப்பு பற்றிய கட்டுரையில் இது ஏன் என்று தோன்றலாம். தலையைக் காய வைக்கத்தான் சிலர் கரியை மூட்டுகிறார்கள் என்பதால் இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

சேரிங் கிராஸில் விற்கும் பச்சை பாட்டில்

சேரிங் கிராஸ் தொடங்கி கமர்ஷியல் ரோடு வரைக்கும் கடைகளில் மூன்று பொருட்கள் நிச்சயம் இருக்கும். வர்க்கி, சாக்லேட், தைலம். யூகலிப்டஸ் தைலம் வாங்காமல் ஊட்டியிலிருந்து இறங்கியவர்கள் குறைவு. ஜலதோஷம், மூட்டுவலி, தலைபாரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பாட்டிலைக் காட்டுவார்கள். தலை அரிப்பு என்று கேட்டால் அதற்கும் அதே பாட்டில்தான் நீளும்.

இந்த மரம் நீலகிரிக்குச் சொந்தமானதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1843 வாக்கில் இங்கே நடப்பட்டது. சோலைக் காடுகளை வெட்டி வெட்டி விறகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வேகமாக வளர்கிறதே என்று மலை முழுக்கப் பரப்பினார்கள். உள்ளூரில் இதற்குக் கற்பூர மரம் என்றும் பெயர். கீழே விழுந்த இலைகளைக் கூட்டி மூட்டை கட்டி வந்து, பெரிய கொப்பரையில் தண்ணீரோடு வேக வைத்து, வரும் ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த நீருக்குள் செலுத்தித் தைலம் எடுப்பார்கள். வெந்து தீர்ந்த சருகே காய வைத்ததும் அடுத்த அடுப்புக்கு விறகு. குவியல் குவியலாக இலை போட்டால் கொஞ்சம் தைலம் கிடைக்கும். அதனால்தான் அதன் வீரியம் அப்படி.

அந்த வீரியமே இங்கே பிரச்னை. வறண்டு வெடித்த தலைத் தோலில் தைலத்தை அப்படியே தடவினால் முதலில் ஜில்லென்று இருக்கும், அரிப்பு மறந்துபோகும். சிறிது நேரத்தில் எரியும். தோல் இன்னும் சிவந்து, இன்னும் உரியும். ஆசைக்கு வேண்டுமானால் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் இரண்டே சொட்டு கலந்து பெரியவர்கள் பார்க்கலாம். உண்மையில் அந்த இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய்தான் வேலை செய்யும்.

குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். யூகலிப்டஸ் தைலத்தைச் சிறிதளவு விழுங்கினாலே சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். தலையில் தடவினால் கை தலைக்குப் போகும், அதே கை வாய்க்குப் போகும். பாட்டிலை வாங்கினால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதே கடைத்தெருவில் இன்னொரு குழப்பமும் நடக்கிறது. பொடுகுக்கு நல்லது என்று இணையத்தில் பேசப்படும் 'டீ ட்ரீ ஆயில்' என்பதைத் தேயிலையிலிருந்து எடுத்த எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டமாக இருக்கிற ஊரில் அப்படித் தோன்றுவது நியாயம்தான். அந்தத் 'டீ ட்ரீ' வேறு. அது ஆஸ்திரேலியாவில் வளரும் மெலலூகா என்ற மரம். தேயிலைக்கும் அதற்கும் உறவே இல்லை. யூகலிப்டஸுக்கு வேண்டுமானால் பங்காளி, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். 2002-ல் ஆஸ்திரேலியாவில் 126 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவிகிதம் டீ ட்ரீ ஆயில் கலந்த ஷாம்பூவை நான்கு வாரம் பயன்படுத்தியவர்களுக்குப் பொடுகு 41 சதவிகிதம் குறைந்தது. மருந்தில்லாத ஷாம்பூ போட்டவர்களுக்கு 11 சதவிகிதம். கவனியுங்கள், அது பொடுகுக்கு. வறட்சிக்கு அல்ல. அதுவும் 5 சதவிகிதம் மட்டும்.

தோடர்களின் வெண்ணெய்

தைல மரமும் தேயிலையும் வருவதற்கு முன்னால் இந்த மலையின் குளிருக்கு மனிதர்கள் தலைக்கு என்ன வைத்தார்கள்? தோடர் பெண்களின் கூந்தல் இதற்குப் பதில் சொல்கிறது. முடியைச் சின்னச் சின்ன கற்றைகளாகப் பிரித்து, வெண்ணெய் தடவி, சுருள் சுருளாகத் தோளில் தொங்க விடுவது அவர்கள் மரபு. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து எழுதி வைத்த ஆய்வாளர்களின் குறிப்புகளிலும் இது இருக்கிறது. எருமை அவர்கள் வாழ்க்கையின் மையம். பாலும் வெண்ணெயும் நெய்யும்தான் கையில் இருந்த கொழுப்பு. தென்னையும் எள்ளும் விளையாத உயரத்தில் அதைத் தலைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் வெண்ணெயை எடுத்துத் தலையில் தேய்க்க வேண்டாம். கடை வெண்ணெயில் உப்பு இருக்கும், சமவெளிச் சூட்டில் ஒரு மணி நேரத்தில் வாடையும் அடிக்கும். தோடர் வழக்கத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஈரம் தப்பிப் போகாமல் மேலே ஒரு கொழுப்புப் பூச்சு போடுகிறார்கள். கன்னத்துக்கு நாம் கிரீம் பூசுவதும் அதற்குத்தான்.

ஊட்டி தாவரவியல் பூங்காவின் தோட்டக்காரர்களும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். உறைபனி மாதங்களில் மலர்ப் பாத்திகளின் மேல் புதர்க் கிளைகளைப் பரப்பி மூடி வைக்கிறார்கள். விடிந்ததும் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்து, வெயில் சுடும் முன்பே பனியைக் கரைத்துவிடுகிறார்கள். செடிக்குக் காட்டும் அந்தப் பரிவில் பாதியைத் தலைக்குக் காட்டினாலும் போதும்.

கொங்கு வீட்டு எண்ணெய்க் குளியல்

மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையம், கோவை, ஈரோடு என்று இறங்கிவிட்டால் நல்லெண்ணெயும் அரப்பும்தான் தலைக்கு ராஜா. உசிலை மரத்தின் இலையைக் காய வைத்துப் பொடித்ததுதான் அரப்பு. கொங்கு நாட்டுச் சந்தைகளில் பச்சைப் பொடியாகக் குவித்து விற்பார்கள். தண்ணீரில் குழைத்தால் வழவழவென்று ஆகும். அழுக்கை எடுக்கும், ஆனால் சீயக்காய் அளவுக்கு எண்ணெயை உரித்து எடுக்காது. வறண்ட தலைக்கு அரப்பை முன்னால் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

சீயக்காய்தான் பழக்கம் என்றால் வடிகஞ்சியில் குழையுங்கள். நம் பாட்டிகள் கஞ்சியை வீணாக்கக் கூடாது என்பதற்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. கஞ்சி சேர்ந்தால் பொடியின் சொரசொரப்பு தணியும், தலையில் கீறாது. செம்பருத்தி இலை கிடைத்தால் இன்னும் வசதி. ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டினால் வரும் கொழகொழப்பு, சிறு பிள்ளைகளின் தலைக்குத் தனி ஷாம்பூவே தேவையில்லை என்று ஆக்கிவிடும்.

மலையில் எண்ணெய் வைக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். எண்ணெயை அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். முடியின் மேல் தடவாமல், வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தோலில் தொட்டு வையுங்கள். நகம் படக் கூடாது. அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும். வெயில் இருக்கும் பதினோரு மணிவாக்கில் குளித்தால், தலை காய்வதற்குள் குளிர் பிடிக்குமோ என்ற பயமும் இல்லை. இரவு முழுக்க எண்ணெயோடு படுத்து, தலையணை உறையும் தலையும் பிசுபிசுத்து எழுவதில் கூடுதல் பயன் ஒன்றுமில்லை.

நல்லெண்ணெயின் ஒரு வசதி, ஊட்டிக் குளிரிலும் அது உறைவதில்லை. தேங்காய் எண்ணெய்க்கு வேறு ஒரு பலம் உண்டு. அது முடியின் உள்ளே ஊடுருவி, முடி புரதத்தை இழப்பதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய் அதைச் செய்யவில்லை. முடி உடைகிறது என்றால் தேங்காய் எண்ணெய் நல்ல தேர்வு. ஆலிவ் ஆயிலை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். விலை அதிகம் என்பதால் நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் தோலின் மேலடுக்கை அது பலவீனப்படுத்துவதாக ஆய்வு முடிவு இருக்கிறது.

வெந்தயம் ஊற வைத்து அரைத்துப் பூசுவது குளிர்ச்சி. உறைபனி ஊரில் அதைச் செய்யும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு விஷயம்! கீழே இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். கடலைப் பருப்பு, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், முதலில் முழங்கையில் தடவிப் பாருங்கள். சோற்றுக் கற்றாழையின் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, உள்ளே இருக்கும் ஜெல்லை மட்டும் எடுத்து அரிக்கும் இடத்தில் தடவினால் இதம்.

எலுமிச்சை வேண்டாம். சொரிந்து புண்ணான தலையில் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு வெயிலில் போனால் சாறு பட்ட இடம் வெந்து கறுத்துப்போகும். மலை வெயிலின் கதைதான் முன்பே பார்த்தோமே.

குறும்பர் தேன்

நீலகிரியின் செங்குத்தான பாறைகளில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகளில், கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பதில் குறும்பர்கள் கைதேர்ந்தவர்கள். கோடையில் எடுத்த அந்தத் தேன் குளிர்காலத்திலும் கோத்தகிரி, ஊட்டி கடைகளில் கிடைக்கும். டீயில் கலக்க வாங்கும் அந்தத் தேனுக்குத் தலையிலும் ஒரு வேலை இருக்கிறது.

2001-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தலை, முகம், மார்பு ஆகிய இடங்களில் நாள்பட்ட பொடுகு வகைத் தோல் அழற்சி இருந்த 30 பேர் கலந்துகொண்டார்கள். 90 சதவிகிதம் தேனை வெதுவெதுப்பான நீரில் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவி, மூன்று மணி நேரம் விட்டுக் கழுவினார்கள். ஒரே வாரத்தில் அரிப்பும் செதிலும் போயின. பிறகு வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்தவர்களுக்கு ஆறு மாதம் வரை திரும்பவில்லை. நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. 30 பேர் என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. மூன்று மணி நேரம் தலையில் தேனோடு உட்கார்ந்திருக்கும் பொறுமையும் எல்லோருக்கும் வாய்க்காது. எண்ணெய் வைத்தால் பொடுகு கூடுகிறது என்பவர்கள் முயன்று பார்க்க ஒரு வழி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. தலையில் வைத்தாலும் நக்கிவிடும்.

எண்ணெய் எப்போது எதிரி?

எண்ணெய் வைத்தால் எப்படிப் பொடுகு கூடும்? நம் எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற நுண்பூஞ்சை குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதன் சாப்பாடு. அது அளவு மீறும்போது வருவதுதான் பொடுகும், அதன் முற்றிய வடிவமான அழற்சியும். அங்கே மேலும் எண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊற விடுவது, பந்தி போட்டுப் பரிமாறுவது மாதிரி.

வித்தியாசம் கண்டுபிடிக்க வயதே முதல் துப்பு. பருவ வயதுக்கு முன் பிள்ளைகளின் தலையில் எண்ணெய்ச் சுரப்பு குறைவு, முதுமையிலும் குறையும். ஆகவே ஏழு வயதுப் பேரனுக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் மலைக் குளிரில் வருவது பெரும்பாலும் வறட்சி. நடுவில் இருக்கும் கல்லூரிக்குப் போகும் அண்ணனுக்கு வருவது பெரும்பாலும் பொடுகு. ஒரே எண்ணெய்க் கிண்ணத்தை மூவருக்கும் நீட்டும்போதுதான் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சரியாகாமல் போகிறது.

செதிலையும் பாருங்கள். வறட்சியில் அது மாவு மாதிரி சின்னதாக, காய்ந்து, தானாக உதிரும். கையும் காலும்கூட வெளுத்திருக்கும். பொடுகில் செதில் பெரிது, லேசான மஞ்சள், பிசுபிசுப்பு. அடியில் தோல் சிவந்திருக்கும். புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் அதே மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூதான் சரி. போட்டதும் கழுவிவிடாமல் ஐந்து நிமிடம் விட்டு, வாரம் இரண்டு முறை. இயற்கை வைத்தியம் தோற்றுவிட்டதாக வருத்தப்பட ஒன்றுமில்லை, அது வேறு நோய். தடிமனாக, வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காகப் படிந்து நெற்றி வரை இறங்கினால் சோரியாசிஸாக இருக்கலாம். தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

அரிப்பு காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மட்டும் என்றால், முடியைப் பிரித்து ஈர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பொடுகு ஊதினால் பறக்கும், ஈர் முடியை விட்டு நகராது. போட்டோவுக்காகத் தொப்பியைத் தலை மாற்றித் தலை மாற்றிப் போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை அவசியம்.

பிள்ளைகளிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தலையில் வட்டமாக ஓர் இடத்தில் முடி உடைந்தோ கொட்டியோ, செதிலோடு இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். இதற்கு எந்த எண்ணெயும் கேட்காது. பூசும் மருந்து மட்டும் போதாது, டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையைப் பல வாரங்கள் சாப்பிட வேண்டும். குளிர்கால வறட்சி, கீழே போனால் சரியாகிவிடும் என்று எண்ணெய் தடவிக்கொண்டே இரண்டு மாதம் தள்ளினால், அந்த வட்டத்தில் முடி நிரந்தரமாக முளைக்காமல் போகவும் வாய்ப்பிருக்கிறது. ஒரே சீப்பில் தம்பி தங்கைக்கும் பரவிவிடும்.

ஆகவே ஊட்டியிலிருந்து திரும்பியதும் ஒரு நாள் காலையில் பிள்ளையை ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார வைத்து, தொப்பியும் எண்ணெயும் இல்லாத தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். சமவெளிக் காற்றும், மிதமான வெந்நீரும், வாரம் ஒருமுறை நல்லெண்ணெயும் சேர்ந்தால் சாதாரண வறட்சி இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் பிள்ளையின் கை தலைக்கே போனால், அடுத்த பாட்டிலைத் தேடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போகிற அன்று தலைக்கு எதையும் தடவாதீர்கள். எண்ணெய் வழியும் தலையில் டாக்டருக்குச் செதில் தெரியாது.